பலூன் காற்றாலையும் 143 சிலிண்டர்களும்

2025 செப்டம்பரில் சீனாவின் ஹாமி பகுதியில் எஸ்1500 என்ற பறக்கும் காற்றாலையை ஏற்றிப் பார்த்தார்கள். ஹீலியம் நிரப்பிய பெரிய பை, நடுவில் 12 ஜெனரேட்டர். கோபுரம் வேண்டாம், புயல் அடித்த ஊருக்கு உடனே கரண்ட் கொடுக்கலாம் என்கிறார்கள். கஜாவைப் பார்த்த புதுக்கோட்டைக்காரனுக்கு அந்த இரண்டாவது பாதிதான் உறுத்துது.

கணக்குப் போடுவோம். நம்ம ஊர் வெயிலில் ஒரு கன மீட்டர் ஹீலியம் சுமார் 1 கிலோ தூக்கும். 1,000 கன மீட்டர் பை என்றால் 1 டன். பை, டர்பைன், கேபிள் எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். (எஸ்1500 இதைவிடப் பல மடங்கு பெரிசு.) வழக்கமான பெரிய சிலிண்டரில் 7 கன மீட்டர்தான் இருக்கும். ஆக 143 சிலிண்டர், இரும்பு மட்டும் எட்டு டன் பக்கம். 2018 நவம்பர் 16-க்குப் பிறகு ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் மரங்கள் சாய்ந்து கிடந்த ரோட்டில் இந்த லாரி எப்படிப் போகும்? போக முடிஞ்சா, அதே எடைக்கு 30 கிலோவாட் டீசல் ஜெனரேட்டரையும் ஒரு மாசத்துக்கான டீசலையும் ஏற்றிடலாமே!

அப்புறம் ஹீலியம் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் இறக்குமதிதான். குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி. எரிவாயுவிலிருந்து பிரித்தெடுக்க சோதனை ஆலை வைத்துப் பார்த்தார்கள். அந்த வாயுவில் ஹீலியம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பையில் அடைத்தாலும் துணி வழியே கொஞ்சம் கொஞ்சமா கசியும், திரும்பத் திரும்ப நிரப்பணும்.

ஹைட்ரஜன் போட்டால்? மலிவுதான், ஆனா தூக்கும் திறன் 8 சதவீதம்தான் கூடுதல். ஐதராபாத்தில் டி.ஐ.எஃப்.ஆர். ஆராய்ச்சி பலூன்களை ஹைட்ரஜனில்தான் விடுகிறது. அது ஒரு தடவை போய் முடிஞ்சுடும். மாதக்கணக்கில் கட்டி வைத்து, பக்கத்திலேயே ஜெனரேட்டரை ஓட்டி, மின்னலுக்கும் கம்பியை நீட்டிக்கொண்டு நிற்பது வேற கதை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய சந்தேகம் ஒண்ணு. காற்றின் வேகம் இரட்டிப்பானால் பையைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். வாயுவின் தூக்கு விசை மட்டும் அப்படியே இருக்கும். அதனால் பலமான காற்றில், மின்சாரம் அள்ள வேண்டிய நேரத்தில், பலூன் பக்கவாட்டில் சாய்ந்து உயரம் குறையும். பையை இறக்கை மாதிரி வடிவமைத்துக் காற்றையே தூக்க வைக்கலாம் என்பார்கள், சரிதான். அப்படின்னா வாயு எதுக்கு? காற்றில்லாத நேரத்துக்கு. அப்போ மின்சாரமும் வராது.

அமெரிக்க நிறுவனம் ஆல்டேரோஸ் 2014-இல், அலாஸ்காவில் 300 மீட்டர் உயரத்தில் இப்படி ஒன்றைப் பறக்கவிடுவதாக அறிவித்தது. பின்னாடி தொலைத்தொடர்பு பலூனுக்கு மாறிட்டாங்க. ஆன்டெனாவுக்கு உயரம் மட்டும் போதும், காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.