தொழுதலும் கையேந்தலும்: பாட்டில் இரண்டு வினைச்சொற்கள்

சினிமாப் பாட்டில் அணி தேடச் சொன்னால் மாணவர்கள் முதலில் தேடுவது 'போல' என்ற சொல்லைத்தான். வந்தாறுமூலை வளாகத்தில் தமிழ் வகுப்பெடுக்கும் எனக்கு இது பழகிப்போன விஷயம். நிலா போல முகம், மீன் போல கண் என்று ஒரு பட்டியல் வந்து சேரும். பிழை என்று சொல்ல முடியாது. தண்டியலங்காரத்தை வைத்துச் சரிபார்த்தால் எல்லாம் உவமைதான். ஆனால் பாட்டைக் கேட்கிறவன் அந்த இடத்தில் நிலாவையும் காண்பதில்லை, மீனையும் காண்பதில்லை. கனகாலம் புழங்கித் தேய்ந்துபோன காசு அது.

'போல' மீது குற்றமில்லை. எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த நாட்டார் கவி ஒன்று இருக்கிறது. கச்சான் காற்று அடித்து ஓய்ந்த காட்டில் மிஞ்சி நிற்கும் மரங்களை, ஒருவனுடைய வழுக்கைத் தலையில் மிஞ்சிய நாலு மயிருக்கு உவமையாக்கியிருக்கிறாள் ஒருத்தி. கச்சானை முகத்தில் வாங்கியவனுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. சிரிப்பு தானாக வரும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகத் திரிந்து இந்தக் கவிகளைச் சேர்த்துத் தராவிட்டால், அணி என்றால் அது காப்பியத்தில் மட்டுமே இருப்பது என்று நினைத்துக்கொண்டு இருந்திருப்போம்.

ஆனாலும் வெகுசனப் பாட்டில் அணியின் கனம் பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் இறங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். உவமை கண்ணுக்குத் தெரியும். வினையில் ஒளிந்த உருவகம் தெரியாது. தெரியாததனாலேயே அது எங்களுக்குள் வம்பையும் உண்டாக்கும். அப்படி வம்பு பண்ணிய ஒரு சொல்லைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

கவி கா. மு. ஷெரீபை (1914–1994) இன்றைய பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லித்தான் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கிறது. பாட்டைச் சொன்னால் "ஓ, இதா" என்பார்கள். 1955இல் வந்த 'டவுன் பஸ்' படத்தின் சிட்டுக்குருவிப் பாட்டு அவருடையது. விட்டுப் போன கணவன் இன்னும் வீடு வரவில்லை என்ற துயரத்தை ஒருத்தி குருவியிடம் சொல்கிறாள். பழைய தூது இலக்கியத்தில் அன்னமும் மயிலும் போகும். இங்கே வீட்டு முகட்டில் கூடு கட்டுகிற சிட்டு. அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் பார்த்த பறவை அது. அதனிடம் அவள் வேலை எதுவும் ஏவவில்லை, சேதி தெரியுமா என்று கேட்கிறாள். வாய் திறந்து பேச முடியாத பெண் கிளியை அழைத்துப் பேசும் எங்கள் கவி மரபுக்கு இது கிட்டிய சொந்தம். ஷெரீபின் சினிமாப் பாட்டுகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

வம்பு வந்தது மற்றப் பாட்டில். 1958இல் வெளிவந்த 'அன்னையின் ஆணை' படத்துக்காக அவர் எழுதி டி. எம். சௌந்தரராஜன் பாடியது. தாய்க்கு நிகரான தெய்வம் வேறில்லை, அவளுடைய அடி தொழ மறுப்பவன் மனிதனே இல்லை என்பது அதன் சாரம். ஏறாவூர்ப் பொடியன் ஒருவன் கேட்டான்: "சேர், இதப் படிச்சா ஷிர்க் ஆகாதா? எழுதினதும் ஒரு முஸ்லிம்தானே?" பக்கத்தில் இருந்த செங்கலடிப் பிள்ளைகளுக்கு இதில் என்ன பிரச்சினை என்றே விளங்கவில்லை.

அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளக் கூடாது. 'தொழு' என்ற சொல் தமிழில் பொதுவாக வணங்குவது, கும்பிடுவது. பெரியவரையும் தொழலாம், ஞாயிற்றையும் தொழலாம். முஸ்லிம் தமிழில் அந்தச் சொல் சுருங்கி, கூர்மையாகி, ஐவேளைக் கடமைக்கே உரியதாகிவிட்டது. "தொழுதிட்டியா?" என்று உம்மா கேட்டால் அதற்கு ஒரே பொருள்தான். ஆகவே செங்கலடிக் காதுக்கு வெறும் மரபுத்தொடராக விழும் 'அடி தொழல்', ஏறாவூர்க் காதுக்கு நேர்ப்பொருளோடு விழுகிறது. பொடியனுக்கு அணி விளங்கவில்லை என்று சொல்வது நியாயமல்ல. ஒரு சமூகத்துக்கு உருவகமாக இருப்பது அடுத்த சமூகத்துக்குச் செயலாக இருக்கிறது. ஒரே வகுப்பறையில், ஒரே தமிழில்.

அப்படியானால் பாட்டைத் தள்ளிவிடுவதா? எங்கள் அரபுக் கல்லூரிகளில் பலாகா ஒரு பாடம். தஷ்பீஹ், இஸ்திஆரா, கினாயா எல்லாம் அங்கே படிக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி உருவகத்தைப் பற்றி எழுதியதற்கு ஈடான நுட்பத்தை நான் கனக்க இடங்களில் கண்டதில்லை. அந்தப் பாடத்தின் பிரபலமான உதாரணங்களில் ஒன்று பெற்றோரைப் பற்றியதே. அல்-இஸ்ரா அத்தியாயத்தின் 24ஆம் வசனம், பெற்றோருக்காகப் பணிவின் சிறகைத் தாழ்த்தச் சொல்கிறது. மகனுக்குச் சிறகு ஏது? குஞ்சுகளை மூடப் பறவை சிறகை இறக்கும் காட்சி அந்த ஒரு வினையில் வந்துவிடுகிறது. ஒரு காலம் தன்னை மூடிய சிறகை இப்போது பிள்ளை இறக்க வேண்டும் என்று நான் வாசிக்கிறேன்.

9ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அபூ தம்மாமைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பழிச்சொல்லை நீராக உருவகித்து அவர் பாடியிருந்தார். ஒருவன் கேலியாகப் பாத்திரம் அனுப்பி, அந்த நீரில் கொஞ்சம் ஊற்றித் தரச் சொன்னான். பணிவின் சிறகிலிருந்து நீ ஒரு இறகு கொண்டு வா, நான் ஊற்றித் தருகிறேன் என்றாராம் அவர். நல்ல பதில். ஆனால் எங்கள் பொடியனுக்கு அது முழுப் பதிலாகாது. பணிவுக்கு இறகு முளைத்ததாக எவனும் நம்பப் போவதில்லை. ஒரு மனிதரைத் தொழுவது நடக்கக்கூடிய காரியம். நடக்கக்கூடியதை உருவகமாக்கும்போது ஆபத்து கூட.

என் தீர்ப்பு இது. ஷெரீபின் பாட்டு ஷிர்க் அல்ல. தாயை மறுப்பவன் மனிதனில்லை என்று முடிவதால் அது மனிதனைத்தான் அளக்கிறது; தெய்வம் அங்கே உயர்வின் அளவுகோல் மட்டும். அதே வேளை, கவிதையாகப் பார்த்தால் 'அடி தொழல்' பலவீனமான இடம். ஆயத்தமாகக் கிடந்த தொடரை எடுத்து வைத்துவிட்டார். நஸாயீயில் வரும் ஹதீஸை நினைத்துப் பாருங்கள். போருக்குப் போக அனுமதி கேட்டு வந்த ஜாஹிமா (ரலி) அவர்களிடம், தாய் இருக்கிறாரா என்று விசாரித்த நபி (ஸல்) அவர்கள், அவரோடு இரும், சுவர்க்கம் அவரது காலடியில் இருக்கிறது என்ற கருத்தில் சொல்கிறார்கள். அங்கும் காலடிதான். தொழும் வினை இல்லை. வானத்துக்கு மேலே என்று நாம் நினைத்திருந்ததைக் கொண்டுவந்து ஒரு கிழவியின் பாதத்தின் கீழ் வைக்கிறது அந்த வாக்கு. ஷெரீபுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பல சமயத்தாரும் கேட்கும் சினிமாவுக்கு, எல்லோருக்கும் பழகிய தொடரை எடுத்தார் என்றே நினைக்கிறேன். தியேட்டரில் அது வென்றது. ஹதீஸின் படிமத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிறிப் போகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு வினையும் எங்களிடம் இருக்கிறது. 2015இல் மறைந்த நாகூர் ஈ. எம். ஹனிபாவின் 'இறைவனிடம் கையேந்துங்கள்' தெரியாத வீடு எங்கள் கரையில் இல்லை. அதை எழுதிய கிளியனூர் அப்துல் சலாமின் பெயரைத்தான் பலருக்கும் தெரியாது. பாடகரின் குரலுக்குள் பாவலர் மறைந்துபோவது எங்கள் இஸ்லாமியப் பாட்டுகளின் பொது விதி.

'கையேந்துதல்' தமிழில் மானம் போகிற வேலை. ஆத்திசூடி படித்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். பாட்டு அந்தச் சொல்லின் வெட்கத்தை நீக்காமல், கை நீளும் திசையை மட்டும் மாற்றுகிறது. பிறகு வரும் படிமங்களும் அந்த வினையிலிருந்தே கிளைக்கின்றன: இல்லையென்று சொல்லாத கொடையாளி, மூடாத பொக்கிஷம். இரப்பவன், வாசல், செல்வன் வீடு என்று ஒரே காட்சி சிதறாமல் நிற்கிறது. பாட்டு முழுக்க உவமைகளைக் கொட்டியிருந்தால் இந்த ஒருமை வந்திராது. பன்மையில் ஏவுவதும் கவனிக்க வேண்டியது. கேட்கிற கூட்டம் முழுவதையும் ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது அது.

'தொழு' எங்கள் காதில் நேர்ப்பொருளானதால் இடறியது. 'கையேந்து' எங்கள் காதில் நேர்ப்பொருளானதாலேயே ஏறி நிற்கிறது. துஆ என்றால் நாங்கள் உண்மையாகவே இரண்டு கையையும் ஏந்துகிறோம். செங்கலடியில் கேட்பவருக்கு அது உருவகம். ஏறாவூரில், லுஹர் தொழுதுவிட்டுப் பள்ளியில் அமர்ந்திருப்பவருக்கு அது தன்மை நவிற்சி, இருப்பதை இருந்தபடி சொல்வது.