கண்ணுக்கு மேல் ஒரு கொம்பு

மாயவரத்துக்காரர்களுக்கு நண்டு என்றால் வயல் நண்டுதான். வரப்பைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிடும் திருடன். தரங்கம்பாடி மணலில் ஓடுவது வேறு இனம். ஓசிபோட் என்று பேரினப் பெயர், கிரேக்கத்தில் ‘விரைந்த கால்’. பொருத்தமான பெயர்தான், துரத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

துரத்தாமல் உட்கார வேண்டும். கொஞ்ச நேரத்தில் வளைவாயில் தீக்குச்சிகள் போல இரண்டு கண்கள் எழும். கண்ணின் உச்சியில் கொம்பு நீண்டு, முதுகில் ஆங்கில ‘எச்’ எழுத்துபோலக் கறுத்த கறையும் இருந்தால் அநேகமாக ஓசிபோட் செரட்டோஃப்தால்மஸ்; 1772இல் இயற்கையியலாளர் பல்லாஸ் விவரித்தது. கொம்பே இல்லையா? ஓசிபோட் கோர்டிமானஸாக இருக்கலாம். ஆனால் குஞ்சுகளிடம் இந்தக் கணக்கு செல்லாது, கொம்பு வளர வளரத்தான் நீளும்.

நல்ல சாட்சி செரட்டோஃப்தால்மஸின் பெரிய கொடுக்கின் உள்பக்கத்தில் இருக்கிறது: சீப்புப் பல்போல வரிசையாக நுண்மேடுகள். அதே கொடுக்குக் காலின் அடிக்கணுவில் அதை உரசி ஓசை எழுப்பும். கோர்டிமானஸுக்கு அந்த வாத்தியம் கிடையாது.

டேனிஷ்காரர் காலத்தில் டால்டார்ஃப் என்ற படை அதிகாரி தரங்கம்பாடியில் பூச்சியும் மீனும் நண்டுமாகத் தேடி அலைந்திருக்கிறார். அவருக்கும் வெகு முன்பே சங்கப் பாட்டுகளில் நெய்தல் பெண்கள் அலவனை, அதாவது நண்டை, விரட்டி விளையாடினார்கள். கொம்பை அவர்கள் பார்த்திருப்பார்களோ!

கண்கள் மறுபடி எழுகின்றன. ஒரு கை மணலை அணைத்து வந்து, எட்ட வீசிவிட்டு, சட்டென உள்ளே.