முழங்காலுக்குக் கீழே

எங்கள் வீட்டுக் கூடத்தில் அப்பாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. திண்ணையில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருப்பார். படத்தின் கீழ் விளிம்பில், வேட்டிக் கரைக்குப் பக்கத்தில், கறுப்பாக ஏதோ சுருண்டு தெரியும். வருகிறவர்கள் அழுக்கு என்று நினைத்து விரலால் துடைத்துப் பார்ப்பார்கள். அது மணியின் வால்.

சின்னப் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருந்தோம். ஸ்டூடியோக்காரருக்கு நாய் இடைஞ்சலாகத் தெரிந்திருக்கிறது, வெட்டிவிட்டார். வால் நுனி மட்டும் தப்பிவிட்டது. கேட்டதற்கு, "நாய்தானே தம்பி, அப்பா மூஞ்சி எவ்ளோ தெளிவா வந்திருக்கு பாருங்க" என்றார். மூலப்படம் இப்போது இல்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது ஓடு பறந்து, பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது.

அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும், எந்தச் சிலைக்கு முன்னால் நின்றாலும், என் கண் முதலில் அடிப்பகுதிக்குத்தான் போகிறது. கலையில் நாயை ரசிக்க வேறு பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே பார்க்கப் பழகினால் போதும். நாயின் இடம் அதுதான். பெரிய மனிதர்களும் தெய்வங்களும் மேலே இருந்து நம் கண்ணை இழுத்துக்கொள்வதால் அது தப்பிப் போகிறது.

கல்லில்: முன்னால் மட்டும் நிற்காதீர்கள்

சிவன் கோயில்களில் பைரவர் பெரும்பாலும் வடகிழக்கு மூலையில் இருப்பார். புதுச்சேரிப் பக்கத்தில் பாகூர் மூலநாதர் கோயிலுக்கோ வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலுக்கோ போகிறவர்கள் பிராகாரம் சுற்றி முடிக்கும் நேரம், கால் வீடு திரும்பும் அவசரத்தில் இருக்கும். ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவோம். எந்த ஊர்க் கோயிலானாலும் பைரவர் முன்னால் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

தமிழ்நாட்டுப் பைரவர் சிலைகளில் நாய் பெரும்பாலும் குறுக்காக நிற்கும். தெய்வத்தின் கால்களுக்குப் பின்னால் உடல் மறைந்திருக்க, ஒரு பக்கம் தலையும் மறுபக்கம் வாலும் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள உடலை நம் மனம்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆகவே நேரே நின்று பார்த்ததும் இரண்டடி இடதுபுறம், இரண்டடி வலதுபுறம் நகர்ந்து பாருங்கள். முகவாய் எந்தப் பக்கம் தூக்கியிருக்கிறது, கழுத்தில் மணியோ பட்டையோ இருக்கிறதா, வால் எத்தனை சுற்று என்று கவனியுங்கள். நிமிர்ந்த காது, சுருண்ட வால், ஒட்டிய வயிறு தெரிந்தால் நீங்கள் பார்ப்பது நம் தெருநாய். சிற்பி மாதிரிக்கு வெகுதூரம் போயிருக்க மாட்டான்.

ஒரு சிக்கல் உண்டு. அலங்காரம் முடிந்த பிறகு பைரவருக்குக் கட்டிய வேட்டி நாயையும் சேர்த்து மூடிவிடும், மூக்கு மட்டும் வெளியே தெரியும். தேய்பிறை அஷ்டமியில் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சாதாரண நாளில், காலை அபிஷேக நேரத்தில் போங்கள். எண்ணெய் வழிந்த கருங்கல்லில் விளக்கொளி ஓடும்போது நாயின் விலா எலும்பு மினுங்கும். போனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சந்நிதியில் படமெடுக்க அனுமதியில்லை. அதுவும் நல்லதுதான், கண் ஒழுங்காக வேலை செய்யும்.

தெய்வத்தின் நாய்க்குப் பெயர் இருக்காது. பெயருள்ள கல்நாயைப் பார்க்க வேண்டுமென்றால் மேற்கே, திருவண்ணாமலையையும் தாண்டிப் போக வேண்டும். எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறக்குறைய 1400 ஆண்டுப் பழசு. எருமைகளுக்காக நடந்த சண்டையில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று நாய்க்கெனத் தனியாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ தளபதிகளின் பெயர் தொலைந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் நிலைத்துவிட்டது.

இன்னொரு கல்லுக்கும் பாகூருக்கும் ஒரு மறைமுக உறவு உண்டு. கி.பி. 949இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தனை இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படை வீழ்த்தியது. அந்த வெற்றிக்குப் பிறகுதான் தொண்டை மண்டலம் அவன் கைக்குப் போனது. கன்னரதேவன் என்ற பெயரில் அவன் கல்வெட்டு பாகூர் கோயிலிலும் இருக்கிறது. அதே போரில் அவன் பக்கம் நின்ற கங்க அரசன் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டானாம். வீரன் ஊரும் கேட்கவில்லை, பொன்னும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டைநாயைக் கேட்டான். பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. கர்நாடகத்தில் ஆதகூர் என்னும் ஊரில் அதற்குக் கல் நட்டு, பூசைக்கு நிலமும் விட்டார்கள். பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் கல்லில் நாயும் பன்றியும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரே போரின் இரண்டு சுவடுகள். பாகூர்க் கல்லில் அரசன் பெயர், ஆதகூர்க் கல்லில் நாயின் கதை. எனக்கு இரண்டாவது பிடிக்கும்.

மண்ணில்: கைரேகையைத் தேடுங்கள்

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. புதுச்சேரியின் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். ஆனால் மண் நாயை முதன்முதலாகப் பார்க்க நான் சொல்லும் இடம் கண்காட்சி அரங்கம் இல்லை. ஊர் எல்லையில் இருக்கும் ஐயனார் கோயில்.

அங்கே ஆளுயரக் குதிரைகள் எல்லோர் கண்ணையும் பறித்துக்கொள்ளும். குதிரையின் காலடியில், புல்லுக்குள் பாருங்கள். காவல் தெய்வம் இரவில் ஊரைச் சுற்றிவரும்போது முன்னால் ஓடுவது நாய்தான் என்பது நம்பிக்கை. சில கோயில்களில் அதற்கும் மண்ணுருவம் நேர்ந்து வைத்திருப்பார்கள். பெயின்ட் உரிந்து, ஒரு காது உடைந்து கிடக்கும். உடைந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது. உள்ளே கூடாக இருப்பதையும், கால்கள் தனித்தனிக் குழாய்களாகச் செய்து ஒட்டப்பட்டிருப்பதையும் அங்கே பார்க்கலாம். சூளையில் சுடும்போது உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் வெடித்துவிடாமல் இருக்க எங்காவது ஒரு துளை விட்டிருப்பார்கள். பெரும்பாலும் வயிற்றடியில் இருக்கும்.

காது மடலின் பின்புறம் பாருங்கள். ஈர மண்ணை ஒட்டி அழுத்திய கட்டைவிரலின் பள்ளம் அப்படியே காய்ந்திருக்கும். கருங்கல் நாயிடம் சிற்பியின் கண் தெரியும், மண் நாயிடம் குயவரின் கை தெரியும். அந்தப் பள்ளத்தில் உங்கள் விரலை வைத்துப் பார்க்க ஆசை வரும். வழிபாட்டுப் பொருள், தொடாமல் பாருங்கள்.

வண்ணத்தில்: கண் எங்கே போகிறது?

ஐரோப்பிய ஓவியங்களில் நாயைப் பார்க்க மாட்ரிட் வரை போக வேண்டியதில்லை, போன் திரையே போதும். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' படத்தைத் தேடி எடுங்கள். குட்டி இளவரசி, தோழிகள், தூரிகையோடு ஓவியர், கண்ணாடியில் ராஜா ராணி என்று பெரிய கூட்டம். பாதிப் பேர் நம்மையே பார்க்கிறார்கள். முன்னால், வலது ஓரத்தில் ஒரு பெரிய நாய் படுத்திருக்கிறது. பக்கத்தில் நிற்பவர் அதன் முதுகில் காலை வைத்து உசுப்புகிறார். நாய் கண்ணைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. அரண்மனையே போஸ் கொடுக்கும் இடத்தில் போஸ் கொடுக்காத ஒரே உயிர் அது. அதைப் பார்த்த பிறகு மற்றவர்களின் விறைப்பு உறைக்கும்.

அடுத்து கோயா. எழுபது வயதைத் தாண்டி, காது கேளாமல், தன் வீட்டுச் சுவரிலேயே அவர் வரைந்த படங்களில் ஒன்று நாய். 1819க்கும் 1823க்கும் இடையில் வரைந்தது. படம் முழுக்க மங்கிய மஞ்சள் வெறுமை. அடியில் ஒரு சரிவு. அதற்கு மேலே நாயின் தலை மட்டும், கண் மேல்நோக்கி. மூழ்குகிறதா, எட்டிப் பார்க்கிறதா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. முதல்முறை பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு மார்கழிக் காலையில் பாகூர் ஏரிக்கரைக்குக் கீழே வயல் வரப்பில் நின்றிருந்தேன். பனி இன்னும் விலகவில்லை. கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வந்த நாய் ஒன்று தலையை மட்டும் நீட்டி நின்றது. மேலே அத்தனை பெரிய வானம், கீழே இத்தனூண்டு தலை. அந்தத் தலை திரும்பிப் போகும்வரை நான் மூச்சுவிடவில்லை. கோயாவின் படத்தில் நாயைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

மூன்றாவது, உங்கள் தாத்தா வீட்டிலேயே இருந்திருக்கும். கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. நாய். பெயர் நிப்பர். ஓவியர் பிரான்சிஸ் பராட் அதை வரைந்து முடித்தது 1898இல், நாய் இறந்தது 1895இல். செத்துப்போன நாயை நினைவிலிருந்தும் ஒரு புகைப்படத்திலிருந்தும் வரைந்தார். முதலில் வரைந்தது வேறு வகைக் கருவி. கிராமபோன் கம்பெனி படத்தை வாங்கியபோது அதன் மேலேயே கிராமபோனை வரைந்து கொடுத்தார். கருவி மாறியது, நாய் மாறவில்லை. கேட்பது என்ற செயலை அந்தக் கழுத்துச் சாய்வு ஒன்றே காட்டிவிடுகிறது.

கேமராவில்: குனியாதீர்கள், உட்காருங்கள்

'கல்லைக் கண்டால் நாயைக் காணோம்' என்ற பழமொழிக்குச் சிலை, தத்துவம் என்று எத்தனையோ விளக்கம் உண்டு. எங்கள் ஊர் நாய்களுக்குத் தெரிந்த விளக்கம் ஒன்றுதான். மனுஷன் குனிந்தால் கல் வரும். வில்லியனூர் தேரடியில் படுத்திருக்கும் நாயை எடுக்க நான் போனோடு குனிந்த ஒவ்வொரு முறையும் அது வாலை இடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டது. பூக்காரம்மா சிரித்தார். "நீ படம் புடிக்கறன்னு அதுக்கு எப்படிப்பா தெரியும்? குனியாத, குந்து." இதுவரை எனக்குக் கிடைத்த புகைப்படப் பாடங்களில் சிறந்தது இது.

நாய்ப் படங்களுக்குப் பேர்போன எலியட் எர்விட் 1946இலேயே நியூயார்க் தெருவில் கேமராவைத் தரைக்கு இறக்கினார். ஒரு பெண்ணின் காலணிக்குப் பக்கத்தில், ஸ்வெட்டர் போட்ட குட்டி சிவாவா நாய். 1974இல் எடுத்த படம் இன்னும் பிரபலம். இடது ஓரத்தில் இரண்டு நெடுங்கால்கள், நடுவில் பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணின் கால்கள், வலதில் தொப்பியோடு ஒரு சின்ன நாய். இடது ஓரத்துக் கால்கள் ஒரு பெரிய நாயுடையவை என்று தெரியச் சற்று நேரமாகும். அந்தப் பெண்ணின் முகம் படத்தில் இல்லை. எங்கள் ஸ்டூடியோக்காரர் நாயை வெட்டினார், எர்விட் மனிதரை வெட்டினார். இரண்டும் கத்தரிதான். எதை முக்கியம் என்று நினைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

நீங்களே எடுத்துப் பார்க்க விரும்பினால், எனக்குப் பலித்த சில வழிகள்:

1. காலை ஆறரைக்குள் இறங்குங்கள். வெயில் சாய்ந்து விழும், நிழல் நாயைவிட நீளமாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் மண்ணும் நாயும் ஒரே நிறமாகிவிடும்.

2. பத்தடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பிக் குந்துங்கள். கண்ணைக் கண்ணால் வெறிக்காதீர்கள். கொட்டாவி விட்டுத் தலையைக் கீழே போட்டால் உங்களை ஏற்றுக்கொண்டது என்று பொருள்.

3. பிஸ்கட் காட்டாதீர்கள். பிறகு உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் கெஞ்சும் கண் ஒன்றுதான். குட்டி போட்ட நாய் பக்கம் போகவே போகாதீர்கள்.

4. கறுப்பு நாய் என்றால் போன் ஏமாந்து படத்தை வெளிறச் செய்யும். திரையில் நாயின் முகத்தைத் தொட்டுவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் படம் உயிர்பெற்றுவிடும்.

5. காதைக் கவனியுங்கள். வாலைவிடக் காது முந்திப் பேசும். இரண்டு காதும் இரண்டு திசையில் இருக்கும் அந்த நொடியில் அமுக்குங்கள்.

வீட்டிலிருக்கும் பழைய குடும்பப் படங்களையும் எடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்துக் கேமராவுக்கு ஆடாமல் நிற்க வேண்டும். மனிதர்கள் நின்றார்கள், நாய் நிற்காது. பாட்டியின் காலடியில் புகைபோல் ஏதாவது கலங்கித் தெரிந்தால், படம் கெட்டுவிட்டது என்று தள்ளாதீர்கள். ஒரு நாய் வாலாட்டியிருக்கிறது.

கோவிவன், காளி, நிப்பர் மூன்றும் இன்றைக்கும் நினைவில் இருப்பதற்கு ஒரே காரணம், யாரோ அவற்றின் பெயரைக் கூடவே எழுதி வைத்தார்கள். மணியின் பெயரை நாங்கள் எழுதவில்லை. இந்தக் கட்டுரையை முடிப்பதற்குமுன் அப்பாவின் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, பின்பக்க அட்டையில் பென்சிலால் எழுதினேன்: "வாசல் திண்ணையில் அப்பா. கீழே, மணி." உங்கள் வீட்டுப் படத்தில் நாய் இருந்தால், அதன் பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.