தந்தம் போன பிறகு மைசூர்

மைசூர் அரண்மனையின் அம்பாவிலாச மண்டபத்துக்கு வருகிறவர்கள் தூண்களையும் விதானத்தையும் அண்ணாந்து பார்ப்பார்கள். கொஞ்சம் கதவருகிலும் நிற்கலாம். ஈட்டி மரத்தில் தந்தம் பதித்த கதவு அது. 1897இல் பழைய மர அரண்மனை எரிந்தபின் ஹென்றி இர்வின் வடிவமைப்பில் எழும்பி, 1912இல் முடிந்த கட்டடம் இது. இன்னும் பழைய வேலை வேண்டுமா? ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் சமாதியில், டல்ஹௌசி பிரபு கொடுத்த கருங்காலிக் கதவுகள் தந்தப் பதிவோடு நிற்கின்றன.

விசாகப்பட்டினத்தார் வழி வேறு. 18ஆம் நூற்றாண்டில் அவர்கள் மரச்சாமான்களைத் தந்தத் தகட்டால் போர்த்தி, கோடு கீறிக் கறுப்பு அரக்கு நிரப்பினார்கள். வாங்கியவர்களில் கம்பெனி துரைகள் அதிகம். பஞ்சாபின் ஹோஷியார்பூர் சீசம் மரத்தில் பூங்கொடி பதித்தது. பிரான்சில் பதினான்காம் லூயிக்கு வேலை செய்த ஆந்திரே ஷார்ல் பூலின் பெயரால் வழங்கும் முறையில், ஆமையோட்டையும் பித்தளையையும் சேர்த்தடுக்கி ஒரே ரம்பத்தால் அறுப்பார்கள்.

மைசூர்க்காரர்கள் வரைபடத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நிறமுள்ள மெல்லிய மரத்தில் ஒட்டி நுண்ரம்பத்தால் அறுப்பார்கள். மஞ்சளுக்குப் பலா, சிவப்புக்குச் செம்மரம். பிறகு ஈட்டிப் பலகையில் அளவாகப் பள்ளம் பறித்து, பசையிட்டுப் பதிப்பார்கள். உப்புத்தாளால் மட்டம் செய்தபின் கண்ணும் சேலை மடிப்பும் கீறல்களாக வரும். அவற்றில் கறுப்பு நிரப்பிப் பாலிஷ் போட்டால் யானை அம்பாரியோடு தசரா ஊர்வலம் தயார். இப்போது வெனீர்த் துண்டுகளைக் கோத்து ஒட்டுப்பலகையில் ஒட்டிவிடுவதும் உண்டு. சுவரில் மாட்டும் படத்துக்கு அது போதும், சாப்பாட்டு மேசைக்குப் போதாது.

1986இல் வனவிலங்குச் சட்டத் திருத்தம் இந்தியத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1991இல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் கதவடைத்தது. பட்டறைகள் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்தன. அது எடுபடவில்லை என்றே சொல்ல வேண்டும். வெள்ளை மட்டும் கிடைத்தது, உயிர் வரவில்லை. மரத்தின் சொந்த நிறத்தையும் ரேகையையும் நம்பிய வேலைதான் தேறியது. ரேகை ஓடும் திசையிலேயே மலைச்சரிவும் ஆற்றோட்டமும் காட்டிவிடும் கைகள் அங்கே உண்டு. கலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் 2017இல் ஈட்டி மர ஏற்றுமதி சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

வாங்கப் போகிறவர்கள் விலை கேட்குமுன் இணைப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டினால் வேண்டாம். பளீரென்ற பச்சையோ நீலமோ கண்டால், சாயமா என்று கேட்டுவிடுங்கள்.