பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீடுகள்

டாவோஸ், சென் மோரிட்ஸ் போன்ற சுவிற்சர்லாந்து மலையூர்கள் பனிச்சறுக்குக்கும் ஏரிக்கும் பேர்போனவை. அங்கே விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீடுகள் பெருகிப் போனதில் காணி விலை ஏறியது. அங்கேயே பிறந்து வளர்ந்த இளம் குடும்பங்களுக்குச் சொந்த ஊரில் வீடு எட்டாப் பொருளாகியது. 2012 மார்ச் 11ஆம் திகதி நடந்த மக்கள் வாக்கெடுப்பில், எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் மொத்த வீடுகளில் 20 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று அந்நாடு முடிவெடுத்தது. ஆதரித்தவர்கள் 50.6 வீதம்தான். அவ்வளவு நெருக்கமான வாக்கு, கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பதைக் காட்டுகிறது.

சுவிஸில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் வாழ்கிறார்கள். அங்கும் கனடாவிலும் லண்டனிலும் உழைத்த காசில் மட்டக்களப்பு மாவட்டத்துச் சித்தாண்டியிலும், அதையொட்டிய மாவடிவேம்பு, வந்தாறுமூலை, முறக்கொட்டான்சேனைப் பக்கங்களிலும் வளவு வாங்கி வீடு கட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. முருகன் கோயில் திருவிழாவுக்கு வந்து, பாசிக்குடாக் கடலில் குளித்துவிட்டுத் திரும்புகிற சில வாரங்களுக்கான வீடுகள் இவை. இந்த வழக்கம் ஊருக்கு நல்லதா, கெட்டதா?

நல்லதை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் அது சிறியதல்ல. வேளாண்மையும் மாடும் கூலி வேலையும் நம்பிய ஊர் இது. ஒரு வீடு எழும்பும்போது மேசனுக்கும் ஓடாவிக்கும் மணல் ஏற்றுகிறவருக்கும் மாதக்கணக்கில் வேலை கிடைக்கிறது. அதைவிடப் பெரிய பயன் பிள்ளைகளுக்கு. சூரிச்சில் பிறந்த பிள்ளைக்கு அம்மம்மாவின் ஊரில் ஒரு முற்றம் இருப்பது, தமிழ்ப் பள்ளிக்கூடம் பத்து வருடம் கற்றுக்கொடுப்பதற்கு ஈடானது என்று நான் நம்புகிறேன். போரில் இடம்பெயர்ந்து, ஊரைத் திரும்பப் பார்ப்போமா என்று ஏங்கியவர்கள் காணி வாங்குவதை வெறும் முதலீடாக எடைபோடுவதும் நியாயமில்லை.

ஆனால் அந்தக் காணி வேறு யாருக்குப் போயிருக்கும் என்று கேட்டாக வேண்டும். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வளவும் வீடும் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் இங்கே தலைமுறை தலைமுறையாக வந்த முறை. மூன்று பெண்பிள்ளைகள் உள்ள தகப்பன், அறுவடைக் காசில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் பிரதான வீதியை அண்டி ஒரு துண்டுக் காணி தேடுவார். பிராங்கிலும் டொலரிலும் விலை பேசுகிற ஒருவரோடு அவர் போட்டி போட முடியாது. சீதனம் சரியா, பிழையா என்பது வேறு விவாதம். அது இருக்கிற வரைக்கும் காணி விலையேற்றம் நேராகப் போய் விழுவது வீட்டுக்கு வழியில்லாத பெண்ணின் கலியாணத்தின் மேல்தான்.

அடுத்தது வெள்ளம். மேட்டு நிலம் கிடைக்காதபோது ஆட்கள் பள்ளக் காணியை வாங்கி, கிறவல் கொட்டி உயர்த்தி, சுற்றி மதில் எழுப்புகிறார்கள். மாரியில் முந்தனை ஆறும் சந்தனமடு ஆறும் பெருகினால் தண்ணீர் பரந்து நின்று வாவிப் பக்கம் வடிவதற்கு இந்தப் பள்ளங்கள்தான் இடம். 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. வேலி தண்ணீரை விடும், மதில் விடாது. உயர்த்திய வளவுக்காரர் அந்த மாரியில் ரொறொன்ரோவில் இருப்பார், அடுத்த வளவுக் குடும்பம் கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருக்கும். இந்த வழக்கத்தின் குறைகளில் என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான், ஏனென்றால் இதைத் தவிர்ப்பது மிக எளிது. மண் கொட்டும் முன் நீர் எங்கால் ஓடுகிறது என்று ஊரிலுள்ள எந்த முதியவரைக் கேட்டாலும் காட்டித் தருவார்.

காணிப் பத்திரங்களில் நடப்பதோ வாங்குகிறவருக்கே ஆபத்து. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர் இங்கே காணி வாங்க முடியாது. அடுக்குமாடித் தொகுதிகள் போன்றவற்றுக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் சித்தாண்டி வளவுக்கு அவை உதவா. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடையில்லை. அதைப் பெறும் அலைச்சலுக்கு அஞ்சி, தம்பி பெயரிலோ மச்சான் பெயரிலோ உறுதி எழுதுகிறவர்கள் பலர். இன்னொரு பக்கம், அரசு கொடுத்த பெர்மிற் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த இந்தக் காணியைப் பெர்மிற்காரர் விரும்பியபடி விற்க உரிமையில்லை. வெள்ளைத் தாளில் ஒப்பமிட்டுக் காசு கைமாறினால், வாங்கியவர் கையில் இருப்பது அந்தத் தாள் மட்டும்தான். நாளைக்குப் பெர்மிற்காரரின் பிள்ளைகள் வந்து கேட்டால் மாடிவீடும் சேர்ந்து கேள்விக்குள்ளாகும். உறவுகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அப்படியானால் சுவிஸைப் போல நாமும் வரம்பு கட்டலாமா? நான் அதை ஆதரிக்கவில்லை. அங்கேயே, வரம்பு வந்தபின் கட்டட வேலை குறைந்தது என்றும், ஊரில் நிரந்தரமாக வாழ்வோரின் வீட்டுப் பெறுமதியும் அடிபட்டது என்றும் ஆய்வாளர் காட்டியிருக்கிறார்கள். சித்தாண்டிக்கு வருகிற காசையும் மனிதரையும் வாசலில் மறிக்கும் நிலையில் நாம் இல்லை. இங்கே உண்மையான இழப்பு, கட்டி முடித்த வீடு வருடத்தில் பத்து, பதினொரு மாதம் யாருக்கும் பயன்படாமல் பூட்டிக் கிடப்பது.

பக்கத்து வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியூர் மாணவர்களும் விரிவுரையாளர்களும் வாடகைக்கு அறை தேடி அலைகிறார்கள். பூட்டிய வீட்டுக்காரரோ, பத்து வருடம் ஒருவர் இருந்துவிட்டால் வீடு அவருக்கே போய்விடும் என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தில் பாதி, சட்டம் தெரியாததால் வருவது. ஆட்சியுரிமை கோருவதற்கு, சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டிருக்க வேண்டும். வாடகை கொடுத்து, அனுமதியோடு இருப்பவர் அப்படி ஆள்வதில்லை. நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிந்த குத்தகை, காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட்டால், ஆளில்லாத வீட்டின் பூட்டைவிடச் சொந்தக்காரருக்குப் பலமான காப்பு. பின்பக்கம் ஒரு அறையைத் தனக்கென்று வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு குடும்பத்துக்கோ நான்கு மாணவிகளுக்கோ கொடுத்தால், திருவிழாவுக்கு வருகிறவர் கறையான் தின்ற கதவுக்குப் பதிலாக, ஆட்கள் புழங்கும் வீட்டுக்குள் வரலாம். கட்டுவதற்கு முன்பே வரைபடத்தில் தனி வாசலுள்ள அந்த அறையைச் சேர்த்துவிடச் சொல்லி, இங்குள்ள உறவுக்காரர்தான் வெளிநாட்டிலிருந்து வீடு கட்டுகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். காணி பார்த்துக் கொடுப்பவரும் மேசனைப் பிடித்துத் தருபவரும் அவர்கள்தானே.