டயலுக்குள் அழியும் கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்பீடோமீட்டரை உரிமையாளரின் விருப்பத்துக்கேற்ப மாற்றுவது பெரும்பாலும் இரண்டு வழிகளில் நடக்கிறது. டயலின் மேல் புதிய முகப்பை ஒட்டி மைல் எண்களைக் கிலோமீட்டராக்குவது ஒன்று. உள்ளே உள்ள இயந்திரத்தை முழுதும் கழற்றி எறிந்துவிட்டு, பழைய வளையத்துக்குள் ஜிபிஎஸ் வழியாக வேகம் அறியும் மின்னணுக் கருவியை வைப்பது இன்னொன்று. எம்.ஜி., டிரையம்ப் கார்களுக்கு மட்டுமல்ல, 1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் இது நடக்கிறது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி எழுந்தது. ஆகவே கூரை கழற்றிய ஹெரால்டையும் அந்தக் குடும்பத்தில் சேர்ப்பது தவறாகாது. மாற்றத்துக்குச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுதான்: வெளித்தோற்றம் கெடவில்லை, முள் முன்பைவிடச் சரியாக நிற்கிறது.

அந்த நியாயத்தில் உண்மை உண்டு. கேபிளில் எண்ணெய்ப் பசை வற்றினால் முள் நடுங்கும். அரை நூற்றாண்டில் காந்தம் வலுவிழக்கும். கிலோமீட்டர் பலகைகள் நிற்கும் சேலம்–நாமக்கல் நான்குவழிச் சாலையில் மைல் டயலை வைத்துக்கொண்டு வேக வரம்பைக் கணக்கிடுவது தொல்லைதான். ஓட்டுநர் வேகத்தைச் சரியாக அறிய வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் என்று ஒரு பெயரால் அழைத்தாலும் டயலுக்குள் இருப்பவை இரண்டு கருவிகள். கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்த அலுமினியக் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து கிண்ணத்தை இழுக்கிறது. மெல்லிய சுருள்வில் எதிர்த்துப் பிடிக்கிறது. இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது. 1902-ல் ஜெர்மானியர் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற முறை இது. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரோ அதே கேபிளிலிருந்து பற்சக்கரங்களால் மட்டுமே ஓடுகிறது. அதில் காந்தமும் இல்லை, வில்லும் இல்லை. முள் தளர்ந்து பொய் சொல்லும் காரிலும் எண் உருளைகள் பெரும்பாலும் சரியாகவே எண்ணிக்கொண்டிருக்கும். முள்ளைத் திருத்துகிறோம் என்று சொல்லி, கெடாத கருவியையும் சேர்த்து அழிப்பதே இந்த வழக்கத்தின் பெருங்குற்றம்.

முகப்பு ஒட்டும் வேலையில் இது வெளிப்படையாகத் தெரியும். டயலில் மைலுக்குப் பதில் கிலோமீட்டர் என்று எழுதிவிடலாம். உள்ளிருக்கும் பற்சக்கரங்களுக்கு அது தெரியாது. அவை மைலையே எண்ணும். 40,000 என்று காட்டும் கார் உண்மையில் 64,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டிய இன்ஜினுக்கு, மீட்டரை நம்பும் உரிமையாளர் எட்டாயிரத்தில்தான் மாற்றுவார். ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழைய டயல்களில் அடிப்பக்கம் சிறு எழுத்தில் 1000, 1280 போன்ற எண் இருக்கும். ஒரு மைல் ஓட்டத்துக்கு அந்த மீட்டரின் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே அது. பின்னால் வரும் மெக்கானிக்குக் கிடைக்கும் முக்கியக் குறிப்பு அது. புதிய முகப்பு அதையும் மூடிவிடுகிறது.

மின்னணு மாற்றம் இன்னும் கொடியது. அதன் சிறு திரையில் தூரம் பெரும்பாலும் சுழியத்திலிருந்து தொடங்குகிறது. பழைய எண் கழற்றிய பெட்டியோடு குப்பைக்குப் போகிறது. லாரித் தொழிலில் வாழும் நாமக்கல்லுக்கு மீட்டர் எண்ணின் மதிப்பைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரீட்ரெடிங் செய்த டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்கியது, டீசல் எவ்வளவு கொடுத்தது என்று ஒவ்வொரு கணக்கும் அந்த எண்ணில்தான் நிற்கிறது. விற்பதற்காக மீட்டரைத் திருப்பினால் மோசடி என்கிறோம். அழகுக்காகச் சுழியமாக்கினால் ரசனை என்கிறோம். வாங்குபவர் இழப்பது இரண்டிலும் ஒன்றே.

அமெரிக்காவில் 1972-ன் சட்டம் மீட்டர் திருப்புவதைத் தடைசெய்தது. பழுதுபார்க்கும்போது பழைய எண்ணைத் தக்கவைக்க முடியாவிட்டால், முந்தைய எண்ணையும் பழுதுபார்த்த நாளையும் எழுதிய சீட்டை இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். இங்கே அந்தப் பழக்கம் வரவில்லை. ஐம்பதாண்டு கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ எழுத்துள்ள பதிவெண் தர 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, அடிச்சட்டம், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றின் மாற்றத்தையே பெயர் சொல்லிக் குறிக்கிறது. டயலைப் பற்றிப் பேச்சில்லை. விதி பேசாததை அனுமதியாகக் கொள்வது வண்டியை நேசிப்பவர் செய்யும் காரியமல்ல.

ஐந்திலக்க ஓடோமீட்டர் 99,999 தாண்டினால் தானே சுழியத்துக்கு வரும், அதை எப்படி நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு சுற்று முடிந்ததா என்பதைப் பெடல் ரப்பரின் தேய்மானமும் சர்வீஸ் ரசீதுகளும் சொல்லும். தூக்கி எறிந்த எண்ணை எதுவும் சொல்லாது.

சரியான வழி கடினமானதல்ல. காந்தத்துக்கு மீண்டும் வலுவேற்றலாம், சுருள்வில்லைச் சீராக்கலாம், கேபிளை மாற்றலாம்; உருளைகளைத் தொடவே வேண்டாம். 1975 முதல் வாகன மீட்டர் செய்யும் பிரிக்கால் நிறுவனம் கோவையில் இருக்கிறது; கொங்கு நாட்டுக்கு இந்தக் கைத்திறன் அந்நியமல்ல. கிலோமீட்டர் வேகம் தெரிய வேண்டுமானால் தனி ஜிபிஎஸ் கருவியை டாஷ்போர்டின் கீழே வைத்துக்கொள்ளலாம். சோதிக்க நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களே போதும்: சீராக மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போனால் கல்லுக்குக் கல் ஒரு நிமிடம், பதினாறு கிலோமீட்டர் கடக்கையில் மைல் மீட்டர் ஏறத்தாழப் பத்து கூட வேண்டும். மாற்றியே தீர வேண்டும் என்பவர், கழற்றுமுன் மீட்டர் எண்ணைப் படமெடுத்து, தேதியிட்டு, பதிவுச் சான்றோடு வைக்கட்டும். கழற்றிய மீட்டரை எறியாமல், வண்டியை விற்கும் நாளில் அதையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.