பீங்கான் ஓட்டின் பின்பக்கம்

ஜாலான் புசார் வட்டாரத்துப் பெட்டேன் ரோட்டில் 18 ஈரடுக்கு வீடுகள் ஒரே வரிசையாக நிற்கின்றன. 1930இல் இ. வி. மில்லர் வடிவமைத்தவை. வீட்டு முகப்பில் பூவேலை செய்த பீங்கான் ஓடுகள். சிங்கப்பூரில் பழைய ஓடு பார்க்க வேண்டுமென்றால் முதலில் இங்கேதான் வரவேண்டும் என்பேன்.

பெரானாக்கான் ஓடு என்று ஊரே சொல்கிறது. ஆனால் பெரானாக்கான்கள், அதாவது இங்கே வேரூன்றிய, பெரும்பாலும் சீன வம்சாவளியினர், ஆசையாக வாங்கிப் பதித்தவர்கள் மட்டுமே. செய்தவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். முதலில் வந்தது இங்கிலாந்துச் சரக்கு, மின்டன் போன்ற ஆலைகளுடையது. முதல் உலகப் போரில் ஐரோப்பிய வரத்து தளர்ந்ததும் ஜப்பான் உள்ளே வந்தது. அவாஜி தீவின் டான்டோவும் நகோயாவின் ஃபுஜிமியும் ஆசியச் சந்தைக்கு ஓடுகளை அனுப்பின.

பூவை வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது. வளைந்த தண்டும் விரிந்த ரோஜாவும் இங்கிலாந்து ஓடுகளிலேயே இருந்த கோலம். அதையே ஜப்பானியர் அச்செடுத்தார்கள். தீர்ப்புச் சொல்வது பின்பக்கம். அங்கே பெரும்பாலும் ஆலையின் பெயரோ முத்திரையோ இருக்கும், ‘மேட் இன் ஜப்பான்’ என்றும் இருக்கலாம். சுவரில் பதிந்த ஓட்டுக்குப் பின்பக்கம் தெரியாதே! அப்போது கட்டிய ஆண்டைப் பார்க்க வேண்டும். 1930 ஜப்பான் பக்கம் சாய்கிறது. ஊர் எதுவானாலும், அடுத்துப் பார்க்க வேண்டியது மெருகு. களிமண் தூளை அச்சில் அழுத்தும்போதே கோடுகள் மேடாக எழும்பிவிடும். அந்த வரப்புகளுக்கு நடுவே கண்ணாடி மெருகை நிறம் நிறமாக நிரப்புவார்கள். சூளையில் அது உருகிப் பள்ளத்தில் தேங்கி அடர்ந்து, மேட்டில் வழிந்து வெளிறும். இதழின் நரம்பு தெரிவது இப்படித்தான். எங்காவது இளஞ்சிவப்பு வரப்பைத் தாண்டிப் பச்சைக்குள் கசிந்திருக்கும். நிரப்பிய கை ஒரு கணம் நடுங்கிய அடையாளம் அது. என் கண் முதலில் அதைத்தான் தேடும்.

இந்த ஓடுகளின் உறவினர்கள் செட்டிநாட்டு வீடுகளிலும் உண்டு. இந்தியச் சந்தைக்கென்றே ஜப்பானியர் லட்சுமியையும் கிருஷ்ணரையும் ஓட்டில் அச்செடுத்தார்கள். ரவிவர்மா அச்சுப் படங்கள்தான் மாதிரி. சாமி முகத்தைக்கூட அதே வரப்புக்குள் அடக்கிய திறமை என்னை அசரவைக்கிறது.

காரைக்குடியிலோ இங்கேயோ பழைய வீட்டை இடிக்க நேர்ந்தால், ஓட்டை எறியும் முன் அதன் பின்பக்கக் காரையைச் சுரண்டி முத்திரையைப் படம் எடுத்து வையுங்கள். எந்தச் சுவரில் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.